ஐந்து வருட அனுபவத்தை ஒரு இன்டர்வியூவில் எப்படி எடைபோடுவது?

கேள்வி: மண்ணடி லிங்கிச் செட்டித் தெருவில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். மொத்தம் 14 பேர். கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்டுகளுக்கும், மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளுக்கும் கேட்-இன் (பெட்டி யார்டுக்குள் வருவதைப் பதிவது), ஸ்டாக், பில்லிங் சாஃப்ட்வேர் செய்து தருகிறோம். நாலிலிருந்து ஏழு வருட அனுபவம் உள்ள ஒருவரை எடுக்க வேண்டும். ஃப்ரெஷர்களை எடுப்பதில் சிரமம் இல்லை. இந்த நடு மட்டத்தில்தான் ஏமாந்துபோகிறேன். போன வருடம் எடுத்தவர் இன்டர்வியூவில் கேட்ட எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னார். ஒரே கன்டெய்னர் பெட்டிக்கு இரண்டு கேட்-இன் பதிவாகிறது, சரிசெய்யுங்கள் என்று கொடுத்தேன். கன்டெய்னர் நம்பரையே டேட்டாபேஸில் யுனிக் ஆக்கிவிட்டார், அதாவது ஒரு நம்பர் ஒரே ஒருமுறைதான் ஏறும். அடுத்த மாதம் அதே பெட்டி திரும்பி வந்தபோது என்ட்ரி ஏறவில்லை. கேட் வாசலில் டிரெய்லர்கள் வரிசைகட்டி நின்றன. யார்டு மேனேஜர் போனில் கத்தினார்.

இப்போது இரண்டு பேர் கையில் இருக்கிறார்கள். ஒருவர் ஓ.எம்.ஆரில் பெரிய கம்பெனி, ஆறு வருடம், சரளமான ஆங்கிலம். இதே கேட்-இன் பிரச்சினையைச் சொன்னதும் "ஐடெம்பொடென்சி கீ போட்டால் முடிந்தது" (ஒரே கோரிக்கை மறுபடி வந்தால் காட்டிக்கொடுக்கும் தனி எண்) என்று ஐந்து நிமிடத்தில் விளக்கினார். இன்னொருவர் காசிமேட்டுக்காரர், அம்பத்தூரில் ஒரு சிறு கம்பெனியில் ஐந்து வருடம். பதில் சொல்லாமல் என்னையே திருப்பித் திருப்பிக் கேட்டார்: அதே பெட்டி மறுபடி வருமா, இரண்டு என்ட்ரிக்கும் நடுவே எவ்வளவு நேரம், பில் அனுப்பியாகிவிட்டதா என்று. ஆங்கிலமும் தடுமாறியது. யாரை எடுப்பது? எப்படிக் கேட்பது? வழக்கமாக நான் கேட்கும் கேள்வித்தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: காசிமேட்டுத் தம்பி திருப்பிக் கேட்டதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்ட மூன்றில் முதல் கேள்வியை மட்டும் போன வருடம் எடுத்தவர் கேட்டிருந்தால், உங்கள் யார்டு வாசலில் டிரெய்லர்கள் நின்றிருக்காது. அதனால் அவரையே எடுங்கள் என்று சொல்லிவிட மாட்டேன். அதைப் பிறகு பார்ப்போம். எதைத் தேடுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும்.

ஃப்ரெஷருக்கு வேலையைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்ததை முடித்தால் போதும். சீனியர் என்றால் எந்த வேலையைச் செய்ய வேண்டும், எதை இப்போது தொடக் கூடாது என்று முடிவெடுக்கத் தெரிய வேண்டும். நடுவில் இருப்பவரிடம் நாம் அரைகுறையாகச் சொல்வோம், ஏனென்றால் நமக்கே முழுதாகத் தெரிந்திருக்காது. மீதியை அவர் கேட்டுத் தெரிந்துகொண்டு, செய்து, யார்டில் ஓடவிட்டு, மறுநாள் காலையில் லாகையும் (சாஃப்ட்வேர் தானே எழுதிவைக்கும் பதிவேடு) ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் "முடிஞ்சது சார்" என்று சொல்ல வேண்டும். அப்படியானால் இன்டர்வியூவிலும் அரைகுறையாகச் சொன்ன வேலை ஒன்றைக் கொடுத்துத்தான் பார்க்க முடியும். உங்கள் கேள்வித்தாளில் இருப்பது என்ன? ஊப்ஸின் (ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங்) நாலு கருத்துகள், அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் வித்தியாசம், லிங்க்டு லிஸ்டைத் திருப்புவது, எட்டு குண்டில் கனமான குண்டைக் கண்டுபிடிப்பது. எல்லாமே முழுமையாகச் சொல்லப்பட்ட, ஒரே விடை உள்ள கேள்விகள். ஒரு வாரம் யூடியூபில் உட்கார்ந்தால் யாரும் சொல்லிவிடலாம். போன வருடம் வந்தவர் டாண் டாண் என்று சொன்னதும் அதனால்தான். அவர் உங்களை ஏமாற்றவில்லை, கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னார். அவரிடம் கேட்டிருக்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை.

பத்துக் கோடிப் பேர் பயன்படுத்தும் செயலியை வடிவமைக்கச் சொல்வதும் வேண்டாம். உங்கள் யார்டுகளில் நாளொன்றுக்குச் சில நூறு வண்டிகள் வந்துபோகும். அந்த அளவுக்குத் தேவையில்லாத பத்து சர்வர்களை அடுக்கிக் காட்டுபவரைப் பார்த்து மயங்கி எடுத்தால், பிறகு அவற்றைக் கட்டி மேய்ப்பது உங்கள் தலையில்தான் விழும்.

அந்த இரட்டை கேட்-இன் இருக்கிறதே, அதைவிட நல்ல கேள்வி உங்களுக்கு வெளியில் கிடைக்காது. அதையே நாற்பது நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் இவ்வளவுதான் சொல்ல வேண்டும்: "சில சமயம் ஒரே பெட்டிக்கு ரெண்டு கேட்-இன் விழுது. தினமும் இல்ல, பெரும்பாலும் சாயங்காலம்." சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். மீதி விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள். இரண்டு என்ட்ரிக்கும் சில நொடிதான் வித்தியாசம். யார்டின் கடைசி மூலையில் சிக்னல் சரியில்லை. டேப்லெட்டில் சுற்றிக்கொண்டே இருந்தால் கிளார்க் மறுபடி அமுக்குவார். சாயங்காலம் வண்டி நெரிசல். ஒரே பெட்டி சில வாரம் கழித்துத் திரும்பி வருவது சகஜம். இரண்டாவது என்ட்ரிக்கும் வாடகைக் கணக்கு ஓடி, சில பில்கள் ஏஜென்டுகளுக்குப் போய்விட்டன.

வந்தவர் எங்கே நிற்கிறார் என்பது தானாகவே தெரியும். "ஒருமுறை அமுக்கியதும் பட்டனை டிஸேபிள் பண்ணிடலாம்" என்பதோடு நின்றுவிட்டால் அவர் இன்னும் திரையை மட்டும்தான் பார்க்கிறார். கன்டெய்னர் நம்பரை யுனிக் ஆக்கலாம் என்று சொல்லிவிட்டு, உடனே "அதே பெட்டி திரும்ப வருமா?" என்று அவரே கேட்டால் நல்லது. பெட்டி இன்னும் உள்ளே இருக்கும்போது, அதாவது கேட்-அவுட் ஆகாதபோது, இரண்டாவது கேட்-இன் ஏறக் கூடாது என்று விதியைத் தொழிலோடு சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஒவ்வொரு என்ட்ரிக்கும் ஒரு தனி எண்ணை ஒதுக்கி, எத்தனை முறை அமுக்கினாலும் அதையே அனுப்பி, அதே எண் மறுபடி வந்தால் பழைய பதிலையே திருப்பித் தருவது (ஐடெம்பொடென்சி கீ இதுதான்) ஒரு வழி; டேட்டாபேஸிலேயே தடை வைப்பது இன்னொரு வழி. இரண்டில் எது என்பதைவிட, எதை ஏன் தேர்ந்தெடுத்தார், அது எப்போது உடையும் என்று அவருக்குத் தெரிகிறதா என்பதைப் பாருங்கள். ஏற்கெனவே போன தப்பான பில்களை என்ன செய்வது என்று யாரும் தூண்டாமல் கேட்பவர் உங்களுக்குக் கிடைத்தால், கொஞ்சம் கூடுதல் சம்பளம் கொடுத்தாவது பிடித்துவையுங்கள்.

இப்போது உங்கள் இருவருக்கும் வருகிறேன். ஓ.எம்.ஆர் நண்பர் சொன்னது தப்பான பதில் அல்ல. கிளார்க் இரண்டு முறை அமுக்கியதுதான் காரணம் என்றால் அது சரியான வழியே. ஆனால் காரணம் அதுதான் என்று அவருக்கு யார் சொன்னது? நாடி பார்க்காமல் மருந்து எழுதியிருக்கிறார். பழக்கமே அப்படியா, அல்லது இன்டர்வியூவில் சட்டென்று பதில் சொல்லியாக வேண்டும் என்ற பதற்றமா என்று உங்களுக்குத் தெரியாது. அவரைத் திரும்பக் கூப்பிட்டு, "அது டபுள் கிளிக் இல்ல, ரெண்டு கேட்ல ரெண்டு கிளார்க் தனித்தனியா போட்டிருக்காங்க. அப்போ உங்க கீ என்ன ஆகும்?" என்று கேளுங்கள். தனித்தனி கோரிக்கைக்குத் தனித்தனி எண் இருக்கும், இரண்டும் ஏறிவிடும். அதைக் கண்டுகொண்டு, "ஆமா சார், அப்படின்னா வேற மாதிரி யோசிக்கணும்" என்று இறங்கி வந்தால் நல்ல ஆள். தன் பதிலையே பிடித்துக்கொண்டு வாதாடினால், வேலையிலும் அதையேதான் செய்வார்.

காசிமேட்டுத் தம்பி விஷயத்தில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. கேள்வி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்து, முடிவுக்கு வராமல் போகிறவர்களும் உண்டு. நீங்கள் அவரை முடிக்கவிட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை. அவர் கேட்ட விவரங்களைக் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு இருபது நிமிடம் காத்திருங்கள். ஒரு தீர்வுக்கு வந்து, அதன் ஓட்டைகளையும் அவரே சொன்னால்தான் அந்தக் கேள்விகளுக்கு மதிப்பு.

இரண்டாவதாக, அவர்கள் செய்த வேலையைத் தோண்டுங்கள். ரெஸ்யூமே முழுவதையும் வரிவரியாகக் கேட்காதீர்கள். ஒரே ஒரு வேலையை அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, அடி காணும்வரை போங்கள். நான் உட்கார்ந்த ஒரு இன்டர்வியூவில் இரண்டு பேர், வேறு வேறு கம்பெனி, இருவருமே "பேமென்ட் மாட்யூல் நான்தான் பண்ணேன்" என்றார்கள். இருவரிடமும் ஒரே கேள்வி: "பணம் போயிடுச்சு, ஆனா பேங்க்ல இருந்து பதில் வரல. அந்த ஆர்டர் என்ன ஆகும்?" முதலாமவர், "அது கேட்வே (பணத்தைக் கைமாற்றித் தரும் இடைச் சேவை) பாத்துக்கும் சார்" என்றார். அடுத்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பெண்டிங்னு போட்டு வெச்சிடுவோம் சார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒரு ஜாப் ஓடி ஸ்டேட்டஸ் கேக்கும். ஆரம்பத்துல அது கிடையாது. ஒருத்தருக்கு ரெண்டு தடவை பணம் போய், கஸ்டமர் கேர்ல சண்டை வந்தப்புறம்தான் போட்டோம்" என்றார். அந்தச் சண்டை முதலாமவரின் காதுக்கே வந்ததில்லை. அதே குழுவில் இருந்திருக்கலாம், புரோகிராம் கோடும் எழுதியிருக்கலாம். பொறுப்பு வேறு யார் கையிலோ இருந்திருக்கிறது. எது உடைந்தது, எப்படித் தெரியவந்தது, முதலில் எந்த லாகைத் திறந்தீர்கள், வேறு வழி இருந்தும் ஏன் இந்த வழி, எந்தப் பகுதி உங்கள் கையால் எழுதியது என்று கேட்டுக்கொண்டே போனால், நாலாவது ஐந்தாவது கேள்விக்குள் உண்மையான அனுபவமும் இரவல் அனுபவமும் பிரிந்துவிடும். பொய்யான எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிஃபிகேட்டைப் பிடிப்பதற்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மூன்றாவது, கோடு படிக்கக் கொடுங்கள். புதிதாக எழுதச் சொல்வதைவிட இது மேல், ஏனென்றால் உங்களிடம் சேர்ந்ததும் அவர் செய்யப்போவது பெரும்பாலும் பழைய கோடைத் திறந்து திருத்துவதுதான். கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் ஃபங்ஷன் (கோடின் ஒரு சிறு பகுதி) உங்களிடம் கட்டாயம் இருக்கும். நாலு எழுத்து, ஆறு எண், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். எழுத்துகளுக்கு 10-லிருந்து மதிப்பு. 11, 22, 33 மூன்றையும் தாண்டிவிட வேண்டும். முதல் பத்து இடங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மீதி வருவதுதான் சரிபார்ப்பு எண். மீதி 10 வந்தால் அதை 0 என்று கொள்ள வேண்டும். அந்த மாதிரி எண்களைத் தவிர்க்கும்படி தர விதியே சொல்கிறது. ஆனாலும் வந்து விழும். அந்த 10-ஐக் கவனிக்காத ஒரு ஃபங்ஷனை அச்செடுத்து, விதிமுறையையும் பக்கத்தில் வைத்து, "சில பெட்டிகளை மட்டும் இது தப்புன்னு திருப்பி அனுப்புது, பாருங்க" என்று கொடுங்கள். எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறார் என்பதற்கு நான் அதிகம் மதிப்பெண் போட மாட்டேன். எந்தெந்த எண்ணைப் போட்டுப் பார்க்கிறார், திருத்திய பிறகு அது மறுபடி உடையாமல் இருக்க ஒரு டெஸ்ட் எழுத நினைக்கிறாரா, வேரியபிளுக்கெல்லாம் எக்ஸ், ஒய் என்று பெயர் வைத்த பழைய ஆளைத் திட்டுகிறாரா அல்லது புரிந்துகொள்ளப் பார்க்கிறாரா என்பதற்குத்தான்.

இந்த மூன்றையும் வருகிற எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். "ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்" என்று தொழிலில் பழுத்தவர்கள் சொல்வார்கள். உங்களுக்கும் அந்த நம்பிக்கை இருக்கிறது என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. உளவியல் ஆய்வாளர்கள் பிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல், வேலைக்கு ஆள் எடுக்கும் முறைகளைப் பற்றிய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்தார்கள். பால் சாக்கெட்டும் அவர் கூட்டாளிகளும் 2022-இல் அந்தக் கணக்கைத் திருத்தினார்கள். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு என்று வைத்துக்கொண்டால், அனுபவ வருடங்களுக்கும் வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு முதல் கணக்கில் 0.18, திருத்திய கணக்கில் 0.07. அதே திருத்திய கணக்கில், மனம்போன போக்கில் பேசும் இன்டர்வியூவுக்கு 0.19. எல்லோருக்கும் ஒரே கேள்வி, முன்கூட்டியே வகுத்த மதிப்பெண் என்று நடத்தும் இன்டர்வியூவுக்கு 0.42, அந்தப் பட்டியலில் முதலிடம் அதற்குத்தான். இது பலதரப்பட்ட தொழில்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு, நம் துறைக்கு மட்டுமானது அல்ல. ஆனாலும் "ஆறு வருடமா, ஐந்து வருடமா" என்று நீங்கள் போடும் கணக்கில் எவ்வளவு சத்து இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்முறை சுலபம். ஒவ்வொரு பகுதிக்கும் 1 முதல் 4 வரை. 3 என்றால் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று ஆட்கள் வருவதற்கு முந்தின நாளே இரண்டு வரி எழுதிவையுங்கள். உங்கள் டீம் லீடரும் நீங்களும் தனித்தனியாக எழுதிவிட்டு, அதன் பிறகுதான் பேசிக்கொள்ள வேண்டும். முதலாளி முதலில் வாயைத் திறந்தால் டீம் லீடரின் கருத்து அங்கேயே முடிந்துபோகும். சின்னக் கம்பெனிகளில் தினம் நடப்பது இது.

ஆங்கிலத்தைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. உங்கள் அலுவலகத்தில் நாள் முழுக்க என்ன மொழி பேசுகிறீர்கள்? அந்த மொழியிலேயே இன்டர்வியூ நடத்துங்கள். டேட்டாபேஸும் சர்வரும் எப்படியும் ஆங்கிலப் பெயரில்தான் வரும். நடுவில் யோசிப்பது தமிழில் இருந்துவிட்டுப் போகட்டும். மும்பை ஏஜென்டுக்கு மெயில் எழுத வேண்டியிருக்கும் என்றால் அதைத் தனியாகச் சோதியுங்கள்: இரட்டை பில் ஏன் வந்தது, எப்போது சரியாகும் என்று வாடிக்கையாளருக்கு ஆறு வரி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். பேச்சில் தடுமாறும் பல பேர் எழுத்தில் தெளிவாக இருப்பார்கள். ஆங்கிலத் தடுமாற்றத்தை மூளைத் தடுமாற்றமாக எடுத்துக்கொண்டதால் இந்த ஊரில் எத்தனையோ நல்ல பிள்ளைகள் வாய்ப்பை இழந்திருக்கிறார்கள். வியாசர்பாடி, புளியந்தோப்பு என்று முகவரி போடத் தயங்கி, சொந்தக்காரர் வீட்டு முகவரி போடும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்தை வடசென்னையிலேயே கம்பெனி நடத்தும் நீங்களும் சுமத்திவிடக் கூடாது. மதிப்பெண் போடும் தாளில் முகவரியும் காலேஜ் பெயரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். "நம்ம ஏரியா பையன்" என்ற பாசமும் அந்தத் தாளில் வேண்டாம், அது ஓ.எம்.ஆர் நண்பருக்குச் செய்யும் அநியாயம். பெண்கள் வந்தால் கல்யாணம், குழந்தை, ராத்திரி எப்படி வீட்டுக்குப் போவீர்கள் என்று எதுவும் கேட்காதீர்கள். வேலையிலிருந்து இரண்டு வருடம் விலகி இருந்தவருக்கும் இதே மூன்று பகுதிதான், இதே மதிப்பெண்தான்.

ஏ.ஐ. பற்றிப் பயப்பட வேண்டாம். வேலையில் பயன்படுத்த விடுவீர்கள் என்றால் இங்கேயும் விடுங்கள். அது எழுதிய ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆள் மாறாட்டம் நடப்பது ஆன்லைனில்தான். மண்ணடிக்கு நேரில் வரச் சொல்லிவிட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது. வேலை பார்த்த தேதிகளைச் சரிபார்க்க, ஆஃபர் கொடுத்த பிறகு அவருடைய பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரியை அவரையே திறந்து காட்டச் சொல்லலாம்.

நேரத்தை மதியுங்கள். நடு மட்டத்தில் இருப்பவர்கள் வேறொரு வேலையில் இருந்துகொண்டுதான் உங்களைப் பார்க்க வருகிறார்கள். பலருக்கு வீட்டில் சின்னக் குழந்தையும் இருக்கும். சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்து செய்யும் அசைன்மென்ட் கொடுத்தால், நல்லவர்கள்தான் முதலில் விலகுவார்கள். ஒரு சனிக்கிழமை காலை, இரண்டரை மணி நேரம், நடுவில் ஒரு டீ. அதற்குள் மூன்று பகுதியும் முடியும்.

உங்கள் கையில் இருந்தும் நீங்கள் சொல்லிக்கொள்ளாத ஒரு பலம் இருக்கிறது. மெட்ரோ 2019-இல் மண்ணடி வழியாக வண்ணாரப்பேட்டைக்கு வந்தது, 2021-இல் விம்கோ நகர் வரை நீண்டது. திருவொற்றியூரிலும் தண்டையார்பேட்டையிலும் இருந்துகொண்டு தினம் சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நகரத்தின் மறுகோடிக்குப் போய்வரும் ஐந்து, ஆறு வருட அனுபவக்காரர்கள் எத்தனையோ பேர். உங்கள் அலுவலகம் அவர்களுக்கு வண்டி மாறாமல் வந்துசேரும் தூரம். விளம்பரத்தில் "மண்ணடி மெட்ரோ அருகில்" என்று முதல் வரியில் போடுங்கள். ஆனால் பக்கத்தில் வீடு என்பதற்காகச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள். அம்பத்தூர் சிறு கம்பெனியில் இருக்கும் தம்பி இப்போது வாங்குவது நிச்சயம் ஓ.எம்.ஆர் நண்பரைவிடக் குறைவாகத்தான் இருக்கும். "இப்போ வாங்குறதுல முப்பது சதவீதம் ஏத்தித் தரோம்" என்ற கணக்கைப் போட்டால், ஒரே வேலைக்கு ஒருவருக்கு ஒரு விலை என்றாகிவிடும். இந்த வேலைக்கு இவ்வளவு என்று முடிவுசெய்துவிட்டுத்தான் இருவரையும் கூப்பிட வேண்டும்.

வருகிற சனிக்கிழமையே இருவரையும் வெவ்வேறு நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். கேட்-இன் கேள்வி இருவருக்கும் பழகிவிட்டது, அதனால் ஓ.எம்.ஆர் நண்பருக்கு நான் சொன்ன இரண்டு கிளார்க் திருப்பத்தைத் தம்பிக்கும் கொடுங்கள். மற்ற இரண்டு பகுதியும் புதிதாக நடக்கட்டும். திங்கட்கிழமைக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். பெரிய கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் இருக்கும், நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அதோடு சேரும். எடுக்காதவருக்கும் நீங்களே போன் செய்து, எந்தப் பகுதியில் நன்றாகச் செய்தார், எந்த இடத்தில் விட்டுவிட்டார் என்று சொல்லுங்கள். அடுத்த ஆள் தேவைப்படும்போது அந்த எண்ணைத்தான் நீங்கள் முதலில் தேடுவீர்கள்.